க்யூ தனியே நிற்கும் சொற்கள்: சில கேள்விகளும் பதில்களும்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு மாலைகளில், ஆங்கில எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட வரும் தமிழ்க் குடும்பத்தினர் இம்முறை தங்கள் கேள்விகளை எழுதிக் கொடுத்திருந்தார்கள். க்யூ, இசட், எக்ஸ் போன்ற அரிய எழுத்துகள் வரும் இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்கள் எவை, அவற்றுக்கு உண்மையிலேயே பொருள் உண்டா என்பதே அவற்றில் பெரும்பாலானவற்றின் சாரம்.

க்யூவுக்குப் பின்னால் யூ வந்தே தீரும் என்றுதான் பள்ளியில் படித்தேன். என் மகள் க்யூ, ஐ என்ற இரண்டு காய்களை மட்டும் வைத்தபோது, தவறு என்று நான் எடுத்துவிட்டேன். அவள் வைத்தது சரியா, அம்மா? (ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு தாய்)

சரிதான். அச்சொல்லை ‘சீ’ என்று உச்சரிக்க வேண்டும். உடலில் ஓடும் உயிராற்றலுக்குச் சீனர்கள் இட்ட பெயர் அது. மூச்சு என்ற பொருளும் அதற்கு உண்டு என்பதால், பிராணன் என்று சொல்லிக்கொடுத்தால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடும். தாய்ச்சி என்ற பயிற்சியின் பெயரில் வரும் ‘சி’யும் இதுவே என்று பலர் நினைக்கிறார்கள், சீன எழுத்தில் அது வேறு சொல்.

பள்ளியில் சொல்லிக்கொடுத்த விதி எப்படி வந்தது என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள். பழைய ஆங்கிலத்தில் அரசியைக் குறிக்கும் ‘குவீன்’ என்ற சொல்லை சி, டபிள்யூ என்ற எழுத்துகளில் தொடங்கித்தான் எழுதினார்கள். 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, பிரெஞ்சு மரபில் பழகிய எழுத்தர்கள் அந்த இடத்தில் க்யூவையும் யூவையும் சேர்த்து எழுதத் தொடங்கினார்கள். ஆகவே அது எழுத்தர்களின் வழக்கமாக வந்ததே தவிர, மொழியின் இயல்பிலிருந்து பிறந்தது அன்று. பிற்காலத்தில் வேறு மொழிகளிலிருந்து வந்து சேர்ந்த சொற்களை அந்த வழக்கம் கட்டுப்படுத்தவில்லை. சீனம் 1958இல் ஏற்றுக்கொண்ட பின்யின் எழுத்துமுறையில் ‘ச்’ போன்ற ஓர் ஒலிக்குக் க்யூவை ஒதுக்கினார்கள். அரபு மொழியில் அடித்தொண்டையில் பிறக்கும் ‘க’வை ஆங்கிலத்தில் எழுதும்போதும் க்யூவையே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த அரபு வழியில் வந்தவைதான் ஏமன் நாட்டில் மென்று சுவைக்கப்படும் இலையான ‘காட்’, சந்தை என்று பொருள்படும் ‘சூக்’, நாம் காஜி என்று சொல்லும் இஸ்லாமிய நீதிபதியைக் குறிக்கும் ‘காடி’ ஆகியவை. பக்கீர் என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் க்யூ போட்டு, யூ இல்லாமல் எழுதலாம். மகளிடம் அந்தக் காய்களைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டே எழுத்துள்ள சொல்லில் என்ன பெரிய புள்ளி கிடைத்துவிடும்? (பத்தாம் வகுப்பு மாணவர்)

சென்ற மாதம் உன் எதிரில் உட்கார்ந்து ஆடிய சிறுமியை நினைத்துப் பார், தம்பி. அவள் கையில் க்யூவும் ஒற்றை ஐ-யும் இருந்தன. பலகையில் ஓர் ஐ-க்கு மேலே எழுத்தின் மதிப்பை மும்மடங்காக்கும் கட்டம் காலியாக இருந்தது. க்யூவை அங்கே வைத்து, தன்னிடமிருந்த ஐ-யை அதன் வலப்பக்கத்தில் வைத்தாள். மேலிருந்து கீழாக ஒரு ‘சீ’, இடமிருந்து வலமாக இன்னொரு ‘சீ’. பத்துப் புள்ளி மதிப்புள்ள க்யூ முப்பதாகி, ஐ-யின் ஒன்றும் சேர, ஒவ்வொரு திசையிலும் 31, ஆக 62. ஏழெழுத்துச் சொல்லைத் தேடி நீ பத்து நிமிடம் யோசித்த அதே ஆட்டம் அது.

இந்த விளையாட்டை 1930களில் உருவாக்கிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாள் பக்கங்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று கையால் எண்ணியே காய்களின் எண்ணிக்கையையும் புள்ளிகளையும் வகுத்தார். நூறு காய்களில் க்யூ, இசட், எக்ஸ், ஜே ஆகியவை ஒவ்வொன்றுதான் உள்ளன. அந்த ஒன்று உன் கைக்கு வரும்போது அதை இறக்க ஒரு குறுஞ்சொல் தெரிந்திருக்க வேண்டும்; ஆட்டம் முடிகையில் கையில் தங்கினால் அதன் மதிப்பு உன் கணக்கிலிருந்தே கழியும்.

இசட், ஏ என்ற இரண்டு காய்களில் ‘ஸா’ என்று வைத்தால் ஒப்புக்கொள்கிறீர்கள். அதையெல்லாம் சொல் என்று ஏற்பது முறையா? (ஜெயநகரிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்)

பீட்சா என்ற சொல்லின் வாலைப் பிடித்து அமெரிக்க இளைஞர்கள் உண்டாக்கிய சுருக்கம் அது. அமெரிக்க ஆட்டங்களில் ஏற்கப்படும் சொற்களின் பட்டியலில் ‘சீ’யும் ‘ஸா’வும் 2006இல் ஒன்றாகவே நுழைந்தன, இந்தியப் போட்டிகள் பின்பற்றும் காலின்ஸ் பட்டியலிலும் ‘ஸா’ உண்டு. எனக்கும் அச்சொல்லின் மீது பிரியம் கிடையாது. ஆனாலும், ஐயா, நாம் நாள்தோறும் சொல்லும் ‘பஸ்’ என்பது ‘ஆம்னிபஸ்’ என்ற நீண்ட சொல்லின் வால்தான். ‘போன்’ என்பது ‘டெலிபோன்’ என்பதன் வால்தான். அவற்றை ஏற்றுக்கொண்டு இதை மட்டும் தள்ளுவதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை.

எக்ஸ் வரும் இரண்டெழுத்துச் சொற்கள் எவை?

ஐந்து உள்ளன: எருதைக் குறிக்கும் ‘ஆக்ஸ்’ (ஓ, எக்ஸ்), கோடரியின் அமெரிக்க எழுத்துமுறையான ‘ஆக்ஸ்’ (ஏ, எக்ஸ்), முன்னாள் துணையைக் குறிக்கும் ‘எக்ஸ்’, கிரேக்க நெடுங்கணக்கின் பதினான்காம் எழுத்தான ‘ஸை’, வியட்நாம் நாணயமான டாங்கில் நூறில் ஒரு பங்கான ‘ஸூ’.

வி எழுத்துக்கு?

இரண்டெழுத்தில் ஒன்றுகூட இல்லை. அதனால் வியை அதிக நேரம் கையில் வைத்திருக்காதீர்கள்.

உயிரெழுத்தே இல்லாத சொல் உண்டா? (கல்லூரி மாணவி)

‘கூம்’ என்று ஒலிக்கும் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. சி, டபிள்யூ, எம் என்ற மூன்றே எழுத்துகள். வேல்ஸ் மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் டபிள்யூ உயிரெழுத்தாகவும் இயங்குவதால் அவர்கள் கண்ணுக்கு அதில் குறையே தெரியாது. மலைகளுக்கு நடுவே பனியாறு குடைந்த, செங்குத்தான சுவர்களை உடைய கிண்ணம் போன்ற பள்ளத்தை அது குறிக்கிறது. எவரெஸ்டில் ஏறுவோர் கடக்கும் ‘வெஸ்டர்ன் கூம்’ என்ற பள்ளத்தாக்குக்கு 1921இல் அப்பெயரை இட்டவர் ஜார்ஜ் மலோரி. இதைத் தெரிந்துகொண்ட பிள்ளைகள் அச்சொல்லை மறந்து நான் பார்த்ததில்லை.

இந்தச் சிறிய சொற்களில் நம் சொல் ஏதாவது உண்டா? (காக்ஸ் டவுனிலிருந்து ஒரு பாட்டி)

உண்டு, அம்மா. தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயத்தை ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்றார்கள். அது நம் ‘காசு’ போர்த்துகீசியர் வாய்வழியாகப் போய்ச் சேர்ந்த சொல். ரொக்கம் என்ற பொருளுடைய ‘கேஷ்’, பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. எழுத்தில் ஒன்றாகத் தெரிந்தாலும் இரண்டும் பிறப்பில் வேறானவை. தேங்காய் நாரைக் குறிக்கும் ‘காயர்’, மலையாளத்தின் கயருக்கும் நம் கயிற்றுக்கும் உறவு.

‘தோசா’வும் பலகையில் செல்லும். அதன் பன்மையாக ஆங்கில அகராதிகள் தருவனவற்றில் ‘தோசை’யும் ஒன்று. ஆகவே ஒருவர் ‘தோசா’ என்று வைத்திருந்தால், அதன் முடிவில் ஓர் ஐ-யைச் சேர்த்து ‘தோசை’ ஆக்கி நீங்கள் புள்ளி பெறலாம்.