15 மா நிலத்துக்கு எழுதிய உயில்

கேள்வி: பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 79 வயது. தாத்தா காலத்து நஞ்சை 15 மா (ஏறக்குறைய 5 ஏக்கர்), பட்டா அப்பா பெயரில். அண்ணன் கோவையில் இருக்கிறார். பத்து வருடமாக நடவுக்கும் வந்ததில்லை, அறுப்புக்கும் வந்ததில்லை. அக்காமார் இருவருக்கும் நகை போட்டு, சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்று. பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைத் தூக்கி நிறுத்தியவன் நான். போன தை மாதம் எல்லாவற்றையும் எனக்கே உயில் எழுதிப் பதிவும் செய்துவிட்டார். இனி யாரும் பங்கு கேட்க முடியாதல்லவா? இப்போதே செட்டில்மென்ட்டாக, அதாவது தானப் பத்திரமாக எழுதி வாங்கிவிடலாமா?

பதில்: அண்ணன் வராததையும் அக்காமாருக்குச் செய்த சீரையும் எந்த நீதிமன்றமும் பங்குக் கணக்கில் சேர்க்காது. பட்டா மட்டும் உரிமை ஆகாது. நான் கேட்பது ஒன்றுதான். இந்த நிலம் அப்பாவுக்கு எப்படி வந்தது?

தாத்தா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கி, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இறந்து, வாரிசு என்ற முறையில் அப்பாவுக்கு வந்திருந்தால் அது அப்பாவின் தனிச்சொத்து. யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். தாத்தாவுக்கே முன்னோர் வழியில் வந்து, பாகப்பிரிவினையில் அப்பா பங்குக்கு விழுந்ததென்றால் அது பூர்வீகம். அப்போது அப்பாவோடு பிள்ளைகள் நால்வரும் சேர்ந்து ஐந்து பங்கு. கல்யாணமான பெண்ணுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. அந்தச் சட்டத்தின் 2005 திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2020-இல் வினீதா சர்மா வழக்கில் அப்படித்தான் விளக்கியது. ஆளுக்கு 3 மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர். அப்பாவின் உயில் அவருடைய 3 மாவுக்குத்தான் செல்லும்.

பூர்வீகம் என்றால் செட்டில்மென்ட் பேச்சை விட்டுவிடுங்கள். பிரிக்காத பங்கை உயிலில் எழுதலாம். மற்றப் பங்காளிகள் சம்மதமில்லாமல் தானமாக எழுதினால் அந்த 3 மாவுக்குக்கூடச் செல்லாது.

தனிச்சொத்தே என்று வைத்துக்கொண்டாலும் எனக்குப் பயம் உங்கள் உயிலின் சாட்சிகளைப் பற்றித்தான். பதிவாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தவர்கள் சாட்சிக் கூண்டில் தோற்றதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வழக்கில், பதிவு அலுவலக வாசலில் நின்றவரைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். "பெரியவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தீர்களா?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். "நான் டீக்கடையில இருந்தேங்க. கூப்பிட்டாங்க, வந்து போட்டேன்." "அது தன் கையெழுத்து என்று அவர் உங்களிடம் சொன்னாரா?" "அவரு ஒண்ணும் பேசலீங்க." இரண்டு சாட்சிகளில் இன்னொருவர் இறந்துபோயிருந்தார். பெரியவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்ததாகவோ, அவர் சொல்லிக் கேட்டதாகவோ சொல்லச் சாட்சி இல்லை. அதோடு உயில் விழுந்தது. அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட அந்த மகன் கோர்ட் வராண்டாவில் உட்கார்ந்து அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

உங்கள் உயிலுக்குச் சாட்சி யார்? அப்பாவைவிட இளையவர்களா, அவரை நன்கு அறிந்தவர்களா? பத்திர எழுத்தரிடம் விவரம் சொன்னது அப்பாவா, நீங்களா? காரில் அழைத்துப் போனது நீங்கள்தானே? பலன் பெறுகிறவரே முன்னின்று எழுதவைத்த உயிலைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும், அந்தச் சந்தேகத்தை அவரே தீர்க்க வேண்டும் என்பது 1958-இலிருந்து உச்ச நீதிமன்றம் சொல்லிவருவது. பக்கவாதம் வந்தவருக்கு டாக்டர் சான்று வாங்கினீர்களா? உயிலில் அம்மாவைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? அம்மா உயிரோடு இருக்கிறார் என்றால் உங்கள் கடிதத்தில் அவர் ஏன் வரவே இல்லை?

தனிச்சொத்து என்றால், அப்பா தெளிவாக இருக்கும்போதே, நீங்கள் கூட இல்லாமல், அவரே வக்கீலிடம் சொல்லிப் புது உயில் எழுதட்டும். மற்றப் பிள்ளைகளுக்கு ஏன் கொடுக்கவில்லை என்ற காரணமும் அதில் இருக்கட்டும்.

பூர்வீகம் என்றால் சமாதானமாகப் போங்கள். வழக்கில் முழுதாக ஜெயித்தாலும் உங்கள் 3, அப்பாவின் 3, ஆக 6 மா மட்டும்தான். அதற்காக மேல்முறையீடு வரை அலைந்து முடிப்பதற்குள் உங்களுக்கும் வயதாகிவிடும். வழக்கு நடக்கும் நிலத்தை விலைக்குக் கேட்கவும் ஆள் வராது. அண்ணனையும் அக்காமாரையும் உட்காரவைத்து விலை பேசி, பணத்தைக் கொடுத்து, தங்கள் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் பதிவு செய்து வாங்குங்கள். "எனக்கு எதுக்குடா நிலம்" என்று அக்கா வாயால் சொன்னதை நம்பி இருக்காதீர்கள். நாளைக்கு அவர் பிள்ளைகள் கேட்டால் அது நிற்காது. அப்பா அம்மா ஜீவனத்துக்கு என்ன வழி என்பதையும் எழுத்தில் வையுங்கள்.

தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்கு வருவார்கள். அதற்குள் தாத்தா காலத்துத் தாய்ப்பத்திரத்துக்கும் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு நகல் வாங்கி வையுங்கள்.