கடவுச்சொல்லை மாற்றும் முன் கடைக் கணினியைப் பாருங்கள்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நானும் தம்பியும் கொலுசுப் பட்டறை நடத்துகிறோம். மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு. ஹேக்கிங் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் வீட்டில் சண்டைதான். 1,600 கோடி கடவுச்சொற்கள் திருடு போயின என்று செய்தி வந்ததிலிருந்து தம்பி மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றி, நோட்டில் எழுதிக் கல்லாவில் வைக்கிறான். 'எல்லாம் பழைய சரக்கு, சும்மா பீதி கிளப்புகிறார்கள்' என்று மகன் சிரிக்கிறான். பஸ் ஸ்டாண்டில் போனுக்கு சார்ஜ் போட்டாலே பணம் போய்விடும் என்கிறான் தம்பி. அதற்கும் ஒரு சண்டை. கடையில் இருப்பது ஒரே கணினி. ஜிமெயில், வங்கி, ஜிஎஸ்டி எல்லாம் அதில்தான் (டிசைன் போடும் சாஃப்ட்வேரும் அதில்தான், விலை அதிகம் என்று மகன் எங்கிருந்தோ இலவசமாக இறக்கிக் கொடுத்தான்). இருவரில் யார் சொல்வது சரி? நான் என்ன செய்ய வேண்டும்? கோடை விழாவுக்கு ஏற்காடு போகும்போது விடுதி வைஃபையில் வங்கி வேலை பார்க்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. சண்டையில் தம்பி ஜெயித்தாலும் மகன் ஜெயித்தாலும் அந்தக் கணினி அப்படியேதான் இருக்கப் போகிறது.

முதலில் அந்த 1,600 கோடி. 2025 ஜூனில் சைபர்நியூஸ் என்ற இணையதளம் வெளியிட்ட செய்தி அது. இணையத்தில் பூட்டில்லாமல் கிடந்த 30 தொகுப்புகளைப் பார்த்து, உள்ளே இருந்த பதிவுகளைக் கூட்டிச் சொன்னார்கள். கூகுள், ஆப்பிள், ஃபேஸ்புக் நிறுவனங்களின் கணினிகளை உடைத்து எடுத்த சரக்கில்லை அது. உலகத்தில் இருப்பதே சுமார் 800 கோடிப் பேர். அந்தக் கணக்குப்படி கைக்குழந்தைக்கும் தலைக்கு இரண்டு கடவுச்சொல் வரும். ஒரே பதிவு பல தொகுப்புகளில் திரும்பவும் இருந்தது. உங்கள் தொழிலில் சொல்வதென்றால், ஒரே கட்டியை நாலு தராசில் வைத்துக் கூட்டிச் சொன்ன எடை. இதுவரை மகன் பேச்சு சரி.

ஆனால் அந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. கணிசமான பகுதி 'இன்ஃபோஸ்டீலர்' எனப்படும் திருட்டு நிரல்கள் அள்ளியது. பெரிய நிறுவனங்களின் கிடங்கை அவை தொடுவதே இல்லை. வீட்டிலும் கடையிலும் இருக்கும் சாதாரணக் கணினிகளில் புகுந்து எடுக்கின்றன. புகுவதற்கு அவற்றுக்கு மிகவும் பிடித்த வழிகளில் ஒன்று, விலை உள்ள சாஃப்ட்வேரின் 'கிராக்' வடிவம், அதாவது பூட்டை உடைத்து இலவசமாகத் தருவது.

அது எப்படி வரும் என்று மகனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். ஒரு ஜிப் கோப்பு. அதைத் திறக்க ஒரு கடவுச்சொல்லும் கூடவே தருவார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று ஆன்டிவைரஸ் பார்க்க முடியாமல் இருப்பதற்காக. அப்புறம் ஒரு குறிப்பு: 'நிறுவும் முன் ஆன்டிவைரஸை நிறுத்தி வைக்கவும்.' நாமும் நிறுத்தி வைப்போம். சாஃப்ட்வேர் நன்றாகவே ஓடும், டிசைனும் அழகாக வரும். அதற்குள் பின்னால் ஓடிய நிரல், பிரவுசரில் சேமித்திருந்த கடவுச்சொற்களையும் தானாக நிரம்பும் விவரங்களையும் குக்கீகளையும் ஒரு மூட்டையாகக் கட்டி அனுப்பிவிட்டிருக்கும். நிமிடக் கணக்கில் முடிகிற வேலை. சில நிரல்கள் வேலை முடிந்ததும் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். பிறகு ஆன்டிவைரஸ் போட்டுத் தேடினாலும் 'ஒன்றும் இல்லை' என்றுதான் வரும்.

குக்கீயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், தம்பியின் உழைப்பு வீணாவது இங்கேதான். ஜிமெயிலில் ஒருமுறை நுழைந்துவிட்டால் தினமும் அது கடவுச்சொல் கேட்பதில்லை அல்லவா? கோயில் வாசலில் செருப்பு விட்டதும் தரும் டோக்கன் மாதிரி ஒன்றை பிரவுசரிடம் கொடுத்து வைத்திருக்கிறது. அதுதான் குக்கீ. டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் செருப்பைக் கொடுத்துவிடுவார்கள். கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். நிரல் இன்னும் கணினியில் உட்கார்ந்திருந்தால், மாதாமாதம் தம்பி போடும் புதிய கடவுச்சொல்லும் அன்றன்றைக்கே போய்ச் சேரும்.

உங்கள் கணினியில் அப்படி ஒன்று இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. இல்லை என்று சத்தியம் செய்யவும் வழியில்லை. வங்கியும் ஜிஎஸ்டியும் ஓடும் ஒரே கணினியில் இந்தச் சந்தேகத்தோடு காலம் தள்ள வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். பில்கள், டிசைன் கோப்புகள், கணக்கு இவற்றை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவும் கோப்பு ஒன்றுகூட அதில் போகக் கூடாது. பிறகு விண்டோஸை முழுவதுமாக அழித்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இந்த வேலையை மகன் செய்யட்டும், அவர் கொண்டுவந்த வினைதானே. விண்டோஸ் 10 என்றால் அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. கணினி தாங்குமானால் இதே கையோடு 11-க்கு மாறிவிடலாம். டிசைன் சாஃப்ட்வேரைக் காசு கொடுத்து வாங்குங்கள். அது கட்டுப்படியாகாது என்றால் டிசைனுக்கென்று ஒரு பழைய கணினியை வாங்கி, அதில் மெயிலும் வங்கியும் திறக்கவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். திருட்டு சாஃப்ட்வேருக்கு நான் சம்மதம் கொடுத்ததாக மகன் எடுத்துக்கொள்ள வேண்டாம். காசு கொடுப்பதுதான் முறை.

கடவுச்சொற்களை இதற்குப் பிறகுதான் மாற்ற வேண்டும். முதலில் ஜிமெயில், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளின் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' கடிதமும் அங்கேதான் வருகிறது. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் 'உங்கள் சாதனங்கள்' என்று இருக்கும். தெரியாத சாதனம் எதுவாக இருந்தாலும் வெளியேற்றுங்கள், கடைக் கணினியின் பழைய நுழைவையும் சேர்த்து. அப்போது பழைய டோக்கன் செல்லாமல் போகும். பலர் பார்க்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. ஜிமெயில் அமைப்பில் வடிப்பான்களும் தானாக முன்னனுப்பும் வசதியும். உள்ளே புகுந்தவன் 'வங்கியிலிருந்து வரும் மெயில் நேராகக் குப்பைக்குப் போகட்டும்' என்று அங்கே எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பான். கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த விதி அழியாது. அப்புறம் இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் வசதியை, போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க பின் போட்டு, 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலையும் ஒருமுறை பாருங்கள்.

தம்பியின் மாதாந்திர வழக்கத்தை நிறுத்திவிடலாம். அவர் சோம்பலாகச் செய்கிறார் என்று சொல்லவில்லை, மனித மூளை அப்படி. மாதம் ஒன்று கேட்டால் 'வெள்ளிஜனவரி', 'வெள்ளிபிப்ரவரி' என்று போக ஆரம்பிக்கும், மார்ச் என்ன என்று திருடனுக்கும் தெரியும். அடிக்கடி மாற்று, குறியீடு சேர் என்ற அறிவுரையை 2003-இல் அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட்டுக்காக எழுதியவர் பில் பர். எழுதியதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துகிறேன் என்று அவரே 2017-இல் ஒரு பேட்டியில் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட்டும் அந்த அறிவுரையைக் கைவிட்டது: கசிந்ததற்கு அடையாளம் இருந்தால் மாற்று, மற்றபடி நீளமாகவும் இடத்துக்கு ஒன்றாகவும் வை. சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் போதும், நன்றாக நீளும்.

நோட்டை மட்டும் மகன் கிண்டல் செய்யக் கூடாது. வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பவனால் உங்கள் நோட்டைத் திறக்க முடியாது. ஆனால் கல்லாப் பெட்டி அதற்கு இடமில்லை. கூலிக்கு வருபவர், சரக்கு எடுக்க வருபவர் என்று நாலு பேர் வந்து போகும் இடம் அது. வீட்டு பீரோவில் வையுங்கள். வங்கி பின், யுபிஐ பின் இரண்டையும் அதில் எழுத வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டு சார்ஜர் விஷயத்தில் மகன் பக்கம்தான் நான். சார்ஜ் ஏறும் யுஎஸ்பி ஓட்டை வழியாகவே போனுக்குள் புகலாம் என்று 2011-இல் அமெரிக்க ஹேக்கர் மாநாடு ஒன்றில் செய்து காட்டினார்கள். 2023-இல் எஃப்பிஐ-யின் டென்வர் அலுவலகம் எச்சரித்தது, நம் ரிசர்வ் வங்கியின் கையேட்டிலும் இருக்கிறது. செய்ய முடியும் என்பது உண்மை. சாதாரண மக்கள் இப்படிப் பணம் இழந்ததாக உறுதியான வழக்கு எதையும் நான் பார்த்ததில்லை. உங்கள் சார்ஜரைச் சுவரில் இருக்கும் சாதாரண பிளக்கில் மாட்டினால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. யுஎஸ்பி ஓட்டையில்தான் மாட்ட வேண்டும் என்றால், 'டேட்டாவை அனுமதிக்கவா' என்று போன் கேட்கும்போது வேண்டாம் என்று அழுத்துங்கள்.

சண்டையைப் பற்றி. கூடங்குளம் ஞாபகம் இருக்கிறதா? 2019 அக்டோபர் கடைசியில் அணுமின் நிலையத்தில் ஹேக்கர்கள் புகுந்துவிட்டதாகச் செய்தி பரவியது. 29-ஆம் தேதி நிலையத்தின் சார்பில் மறுப்பு வந்தது. மறுநாளே அணுமின் கழகம், தீநிரல் இருந்தது உண்மைதான் என்றது: இணையத்தோடு இணைந்த, நிர்வாக வேலைக்கான ஒரு கணினியில் இருந்தது, உலையை இயக்கும் அமைப்பு தனி, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. 'ஹேக் ஆச்சு' என்று கத்தியவரும் 'அணு உலையை ஹேக் பண்ண முடியாது' என்று கத்தியவரும் ஆளுக்குப் பாதி சரி. முதல் நாள் மறுப்பை வைத்துக்கொண்டு எதிராளியை மடக்கியவருக்குத்தான் மறுநாள் முகம் இல்லை. நேர்மாறாகவும் நடக்கும். 2025 ஆகஸ்டில், 250 கோடி ஜிமெயில்காரர்களும் உடனே கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி கூகுள் எச்சரித்ததாக எங்கும் பரவியது. நாங்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று செப்டம்பர் முதல் தேதி கூகுளே எழுதியது. அதனால் செய்தி வந்தால் இரண்டு நாள் ஆறப்போடுங்கள். எந்த இடத்திலிருந்து எது கசிந்தது, அந்த இடத்தில் நமக்குக் கணக்கு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கணினிப் பாதுகாப்புக்கான அரசின் சர்ட்-இன் அமைப்பு என்ன சொல்கிறது என்று பார்க்கும் வேலையைத் தம்பியிடம் கொடுத்துவிடலாம். பயந்தவர் கவனமாகப் படிப்பார்.

உங்கள் மாதிரி கடைகளில் பணம் போகிற வழி வேறு. வெள்ளிக்கட்டி வாங்கும் இடத்திலிருந்து ஒரு மெயிலோ வாட்ஸ்அப்போ வரும்: 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடவும்.' அவர் மெயிலுக்குள் யாரோ உட்கார்ந்து, அடுத்த தவணை எப்போது என்று பார்த்துக்கொண்டே அனுப்பியதாக இருக்கலாம். கணக்கு எண் மாறுகிறது என்றால், முன்பே உங்களிடம் இருக்கும் நம்பரில் கூப்பிட்டு, அவர் குரலைக் கேட்ட பிறகுதான் அனுப்ப வேண்டும். செய்தியில் உள்ள நம்பரில் கூப்பிடக் கூடாது.

இன்னொன்று கல்யாணப் பத்திரிகை. போன ஆவணியில் அயோத்தியாப்பட்டணம் மச்சானும் நானும் தட்டுவடை செட் கடையில் நின்றிருந்தோம். அவர் போனுக்கு ஒரு சொந்தக்காரர் நம்பரிலிருந்து 'அவசியம் குடும்பத்துடன் வரவும்' என்று வந்தது, கீழே ஒரு கோப்பு. 'யார் கல்யாணம்னே போடலையே' என்றபடியே தொட்டுவிட்டார். தெரியாத இடத்திலிருந்து வந்த செயலியை நிறுவ அனுமதிக்கவா என்று திரை கேட்டது. பத்திரிகை எதற்கு நிறுவ அனுமதி கேட்கிறது? சட்னிக் கையோடு போனைப் பிடுங்கினேன். கோப்பின் பெயர் 'ஏபிகே' என்று முடிந்தது. படமோ பிடிஎஃபோ இல்லை, செயலி. உள்ளே விட்டால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கி, வங்கி ஓடிபியைத் திருடனுக்குத் தள்ளிவிடும். சொந்தக்காரரைக் கூப்பிட்டால், காலையிலிருந்து அவர் வாட்ஸ்அப்பே அவர் கையில் இல்லையாம். மச்சான் இன்னமும் சட்னிக் கறையைத்தான் சொல்லிக் காட்டுகிறார்.

அப்படியும் பணம் போய்விட்டால் யார் சொன்னது சரி என்று வீட்டில் உட்கார்ந்து பேசாமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930-க்கு அழையுங்கள், அடுத்து வங்கிக்கு. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவும் முன் முடக்கப் பார்ப்பார்கள், அதனால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, உங்கள் மீதும் வங்கி மீதும் தவறில்லாத திருட்டை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் இழப்பு உங்களுடையதில்லை. ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டீர்கள் என்றால், புகார் கொடுக்கும் நிமிடம் வரை போனது உங்கள் தலையில்தான்.

ஏற்காடு வைஃபை: பார்க்கலாம். வங்கிச் செயலி அனுப்புவது எல்லாம் மறையாக்கம் ஆகித்தான் போகிறது. பக்கத்து அறைக்காரரால் படிக்க முடியாது. வைஃபையில் சேரும்போது ஏதாவது செயலியை நிறுவு என்றோ, ஜிமெயில் கடவுச்சொல்லைக் கொடு என்றோ திரை வந்தால் மட்டும் துண்டித்துவிட்டு உங்கள் சிம் டேட்டாவுக்கு வாருங்கள். அறையில் சிக்னல் இல்லையென்றால் ஏரிப் பக்கம் இறங்கி வந்து அனுப்புங்கள். அதற்குள் வெள்ளி விலை ஏறியிருக்கலாம்; அதற்கு என்னிடம் ஆலோசனை இல்லை.