ஒரே பெயரில் இரண்டு கிளாஸ்: எதை மாற்றுவது?

கோண்டாவிலிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஊர்த் துடுப்பாட்டக் கழகத்துக்காக, பிஎச்பி என்ற நிரல்மொழியில் தளம் கட்ட உதவும் கோட்இக்னைட்டர் 3 என்ற சட்டகத்தில் இணையத்தளம் செய்கிறாராம். பக்கத்தைக் கேட்டு வருவதைக் கவனிக்கும் கன்ட்ரோலர், தரவைக் கையாளும் மாடல் இரண்டும் கிளாஸ்கள், அதாவது பெயரிட்ட நிரல் துண்டுகள். இரண்டுக்கும் ‘பிளேயர்’ என்றே பெயர் வைத்தார். பக்கத்தைத் திறந்தால், அந்தப் பெயரில் கிளாஸ் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் அது மாடல் வகையல்ல என்று பிழை வருகிறது. மாடலை நேம்ஸ்பேஸுக்குள் (பெயருக்கு முன்னே வரும் குழுப்பெயர்) வைத்தும் சரிவரவில்லை. போதாக்குறைக்கு, சர்வரை பிஎச்பி 8க்கு மாற்றியதிலிருந்து ‘மேட்ச்’ பக்கமும் திறக்கவில்லை.

தம்பி, இவை இரண்டு வேறு நோய்கள்.

முதலாவது: இரண்டு ஃபைலும் வெவ்வேறு ஃபோல்டரில் கிடப்பதை பிஎச்பி பொருட்படுத்தாது. ஒரே ஒழுங்கையில் இரண்டு சிவராசா இருந்தால், வீடு வேறு என்பது தபால்காரருக்கு உதவாது. கடிதத்தில் முதலெழுத்தாவது வேண்டும். அந்த முதலெழுத்துத்தான் நேம்ஸ்பேஸ். 2009இல் பிஎச்பி 5.3உடன் வந்தது. ஆனால் கோட்இக்னைட்டர் 3 மாடலைத் தேடி எடுக்கும்போது அதைப் பார்ப்பதில்லை. உங்கள் முயற்சி பலிக்காததற்கு அதுதான் காரணம். கன்ட்ரோலர் முதலில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. மாடல் வரும்போது இடம் இல்லை. ஒன்றைச் சின்ன எழுத்தில் எழுதியும் தப்ப முடியாது, கிளாஸ் பெயரில் பிஎச்பி சின்ன எழுத்து, பெரிய எழுத்து பார்ப்பதில்லை.

மாடலின் பெயரோடு அடிக்கோடும் ‘மாடல்’ என்ற சொல்லும் சேருங்கள். ஃபைலின் பெயரும் அதேதான், முதலெழுத்து பெரியது. அதைச் சின்னதாக எழுதினால் விண்டோஸ் மடிக்கணினி கண்டுகொள்ளாது. லினக்ஸ் சர்வர் ஃபைலே இல்லை என்று சாதிக்கும். மாடலை லோட் செய்யும் வரியில் இரண்டாவது மதிப்பாக ‘பிளேயர்’ என்று கொடுத்தால், அதே பெயரில் மாடலை அழைக்கும் பழைய வரிகளைத் தொடவே வேண்டியதில்லை. பலருக்கு இந்த வசதி தெரியாது, உட்கார்ந்து நூறு இடத்தில் திருத்துவார்கள்.

கோட்இக்னைட்டர் 4இல் இரண்டு பிளேயரும் தனித்தனி நேம்ஸ்பேஸில் இருப்பதால் சண்டையில்லை. கன்ட்ரோலர் ஃபைலுக்குள் மாடலை ‘யூஸ்’ செய்யும்போது மட்டும் ‘ஆஸ்’ போட்டு வேறு பெயர் கொடுக்க வேண்டும். ஆனால் இதற்காக மட்டும் இப்போது 4க்குத் தாவாதீர்கள். பாதித் தளத்தைத் திரும்ப எழுத நேரும்.

இனி மேட்ச். ‘வடக்கின் பெரும் போர்’ என்ற பாடசாலைத் துடுப்பாட்டப் போட்டி நடக்கிற யாழ்ப்பாண மண்ணில் கிளாஸுக்கு வேறென்ன பெயர் வைப்பது, சரிதான். ஆனால் 2020 நவம்பரில் வந்த பிஎச்பி 8.0 அந்தச் சொல்லைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. நேம்ஸ்பேஸ் போட்டாலும் அந்தப் பெயரில் கிளாஸ் எழுத விடாது. ‘பிக்ஸ்சர்’ என்று மாற்றுங்கள். முகவரி மாறி, பழைய இணைப்புகள் அறுந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம்: எந்த முகவரி எந்தக் கன்ட்ரோலருக்குப் போகும் என்று சொல்லும் ரூட்ஸ் ஃபைலில் இரண்டு வரி எழுதி, மேட்ச் என்று வரும் முகவரிகளை பிக்ஸ்சருக்குத் திருப்பிவிடலாம்.

மடிக்கணினியிலும் பிஎச்பி 8ஐப் போட்டு, ஃபைலை ஏற்றுமுன், நிரலை ஓட்டாமல் அதன் இலக்கணத்தை மட்டும் பார்க்கும் ‘பிஎச்பி -எல்’ கட்டளையால் சோதியுங்கள். மேட்ச் மாதிரிப் பிழைகள் அங்கேயே மாட்டும். பிளேயர் மாதிரிப் பிழை மாட்டாது. அதற்கு ஒவ்வொரு பக்கமாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.