இரு நுண்நாடுகள் தூதரக உறவு கொள்வது எப்படி? கொள்ளிடக் கரை வாசகருக்கு ஒரு விளக்கம்

கேள்வி: கும்பகோணத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டியது எங்கள் ஊர். கல்லூரி நண்பர்கள் 11 பேர் சேர்ந்து 2 ஆண்டுகளாக ஒரு நுண்நாட்டை (மைக்ரோநேஷன், அதாவது தன்னைத் தானே நாடென்று அறிவித்துக்கொள்ளும், எந்த அரசும் அங்கீகரிக்காத சிறு அமைப்பு) நடத்திவருகிறோம். சாசனம், கொடி, பேரவை எல்லாம் உண்டு. அக்கரையில் ஜெயங்கொண்டம் பக்கத்து மாணவர்களும் ஒரு நுண்நாடு நடத்துகிறார்கள். ஆற்றின் நடுவே உள்ள ஒரே மணல்திட்டை இரு தரப்பும் தம் வரைபடத்தில் சேர்த்திருக்கிறோம். வரும் ஆடிப்பெருக்கன்று அந்தத் திட்டிலேயே தூதரக உறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட விரும்புகிறோம். முறை என்ன? அது செல்லுமா? பாஸ்போர்ட்டும் நாணயமும் அச்சிடலாமா?

பதில்: செல்லுமா என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றவற்றுக்கான விடை அதிலிருந்துதான் பிறக்கிறது. 1933-இல் உருகுவே நாட்டின் மாண்டேவீடியோ நகரில் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை, ஓர் அரசுக்கு நான்கு இலக்கணங்களை வகுத்தது: நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற அரசுகளோடு உறவு கொள்ளும் தகுதி. நுண்நாடு நடத்துவோர் பலர் இந்த நான்காவதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு நுண்நாட்டோடு ஒப்பந்தம் போட்டுவிட்டால் அந்தத் தகுதி தமக்கு வந்துவிடும் என்று நம்புகிறார்கள். அது சரியன்று. வேறெவருக்கும் கட்டுப்படாத ஆட்சி ஒரு நிலத்தில் உண்மையிலேயே நடக்கும்போதுதான் அந்தத் தகுதி உண்டாகிறது. பட்டா இல்லாத இருவர் ஒருவருக்கொருவர் கிரயம் எழுதிக்கொண்டால் இருவருக்கும் நிலம் வந்துவிடாது அல்லவா? அதே நியாயம்தான் இங்கும்.

முழு நாடு ஒன்று நேரில் வந்து பேசினாலும்கூட அங்கீகாரம் கிடைத்துவிடாது என்பதற்கு சீலாந்து நல்ல சான்று. இங்கிலாந்தின் சஃபோக் கரைக்கு அப்பால், போர்க்காலக் கடற்கோட்டை ஒன்றில் 1967-இல் ராய் பேட்ஸ் தொடங்கிய நுண்நாடு அது. 1978-இல் அங்கே சிறைவைக்கப்பட்ட ஜெர்மானியர் ஒருவரை மீட்க, மேற்கு ஜெர்மனி தன் தூதரக அதிகாரியை அனுப்பியது. அதையே அங்கீகாரம் என்று பேட்ஸ் கொண்டாடினார். ஜெர்மனியோ அப்படி எதையும் ஏற்கவில்லை. ஒருவருடைய குடிமகனை மீட்கப் பேசுவது வேறு, எதிரில் இருப்பவரை அரசென ஏற்பது வேறு.

ஆகவே உங்கள் ஒப்பந்தம் உங்கள் இரு குழுக்களையும் மட்டுமே கட்டும். மாவட்ட நிர்வாகத்தையோ நீதிமன்றத்தையோ கட்டாது. இதனால் அது வெற்றுக் காகிதம் ஆகிவிடாது. தூதரக உறவுகள் குறித்த 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் இரண்டாவது பிரிவே, இரு தரப்பின் பரஸ்பர இசைவால்தான் தூதரக உறவு ஏற்படுகிறது என்று சொல்கிறது. பெரிய நாடுகளுக்கும் அடிப்படை அந்த இசைவுதான். ஆயுதமும் வாணிபமும் பின்னால் இல்லாத உங்களிடம் அந்த இசைவு மட்டுமே இருப்பதால், ஒவ்வொரு சொல்லையும் நிறைவேற்ற முடிந்த அளவுக்கே எழுத வேண்டும் என்பதை நான் மிகவும் வற்புறுத்துகிறேன்.

முறைக்கு வருவோம். அங்கீகாரமும் தூதரக உறவும் ஒன்றல்ல. முன்னதை ஒரு தரப்பு தானாகவே அறிவிக்கலாம். பின்னதற்கு இருவரும் வேண்டும். எனவே முதலில் இரு பேரவைகளும் தனித்தனியே அங்கீகாரத் தீர்மானம் நிறைவேற்றிக் கடிதமாக அனுப்பிக்கொள்ளுங்கள். அடுத்து, தூதராக யாரை அனுப்ப எண்ணுகிறீர்களோ அவர் பெயரை வெளியே அறிவிக்கும் முன்பே அக்கரைக்குத் தெரிவித்து அவர்கள் சம்மதத்தைப் பெறுங்கள். வியன்னா உடன்படிக்கையின் நான்காவது பிரிவு இதைக் கட்டாயமாக்குவதோடு, மறுப்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்றும் விட்டுவைத்திருக்கிறது. ஏற்கெனவே மனக்கசப்புள்ள ஒருவரைத் தூதராக அறிவித்துவிட்டுத் திரும்பப் பெறும் சங்கடத்தைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு. சிறு குழுக்களுக்கு இது இன்னும் அதிகமாகத் தேவைப்படும். அதன் பிறகே ஒப்பந்தம்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது என்பதற்கு உங்கள் டெல்டாவிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க்கிலிருந்து வந்தவர்களுக்கும் ஏற்பட்ட உடன்பாடு, தரங்கம்பாடியில் தங்கிக் கோட்டை கட்டவும் வணிகம் செய்யவும் டேனியருக்கு இடம் கொடுத்தது. அவர்கள் ஆண்டுதோறும் நாயக்கருக்குப் பணம் செலுத்த வேண்டியிருந்தது. எந்த இடம், எந்தத் தொழில், எவ்வளவு பணம் என்று கையால் தொட்டுக் காட்டக்கூடிய செய்திகள் அதில் இருந்தன. நித்திய நட்பு என்று ஒரு பக்கம் நிரப்புவதைவிட, ஆண்டுக்கு இரு கூட்டுக் கூட்டங்கள், படித்த நூல்களைப் பகிர்தல், சச்சரவு வந்தால் இருவரும் ஏற்கும் ஆசிரியர் ஒருவரிடம் முறையிடுதல், விலக விரும்பினால் 3 மாத முன்னறிவிப்பு என்று எழுதுவது நன்று. ஒப்பந்தம் முடியும் தேதியையும் குறிப்பிடுங்கள். கல்லூரி முடிந்து ஆட்கள் கலையும்போது, காலாவதியாகாத ஒப்பந்தம் எவராலும் காக்கப்படாமல் கிடக்கும்.

இரு மூலப்படிகள் தயாரியுங்கள். உங்களிடம் இருக்கப்போகும் படியில் உங்கள் பெயர் முதலிலும், அவர்கள் படியில் அவர்கள் பெயர் முதலிலும் வர வேண்டும். யார் பெரியவர் என்ற வழக்கு எழாதிருக்க நாடுகள் நெடுங்காலமாகக் கையாளும் வழக்கம் இது. கையெழுத்தோடு வேலை முடிந்துவிடுவதில்லை. இரு பேரவைகளும் ஏற்புத் தீர்மானம் நிறைவேற்றிய நாளில்தான் நடைமுறைக்கு வரும் என்று ஒரு பிரிவு சேர்த்துவிடுங்கள். பக்கத்துக் காரைக்காலைப் பாருங்கள். பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1 அன்று. ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1956-இல். ஏற்புப் பத்திரங்கள் பரிமாறப்பட்டுச் சட்டப்படி நிறைவேறியது 1962 ஆகஸ்ட் 16 அன்று. நடப்பு முந்தி, ஏடு பிந்தி வருவது அரசியலில் இயல்பே.

இனி அந்தத் திட்டு. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: இரு தரப்பும் அதை வரைபடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். ஆற்றோட்டம் மாறியதால் உரிமை குழம்பிய நிலத்தில் நாடு அமைக்கும் எண்ணம் புதிதன்று. டான்யூப் நதிக்கரையில், குரோவேஷியா செர்பியா எல்லைத் தகராற்றில் இரு நாடுகளுமே உரிமை கோராமல் கிடந்த சுமார் 7 சதுர கிலோமீட்டர் நிலத்தில், 2015 ஏப்ரலில் வீத் யெட்லிச்கா என்ற செக் நாட்டவர் லிபர்லாந்தை அறிவித்தார். உரிமை கோராத குரோவேஷியாவின் காவலர்களே அடுத்த மாதம் அவரைக் கைதுசெய்தார்கள். உங்கள் திட்டுக்கு அந்தக் குழப்பம்கூட இல்லை. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி ஆற்றுப்படுகை அரசின் சொத்து. அடுத்த வெள்ளத்தில் திட்டே இடம் மாறக்கூடும். முற்றிலும் விட மனமில்லையென்றால், 1959-ஆம் ஆண்டு அண்டார்க்டிக் உடன்படிக்கையின் நான்காவது பிரிவைப் போல, எவர் கோரிக்கையையும் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, புதிதாகக் கோரப்போவதும் இல்லை என்று ஒரு வரி எழுதலாம். நான் சொல்வது முதல் வழிதான்.

பாஸ்போர்ட், நாணயம் இரண்டும் வேண்டாம். அசல் கடவுச்சீட்டையோ பணத்தையோ ஒத்த எதையும் அச்சிடுவது கடுமையான குற்ற வழக்கில் கொண்டுபோய்விடும். அசோகத் தூண் சின்னத்தை ஒத்த முத்திரையும் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூடாது. உறுப்பினர் அட்டை போதும். சாசனத்தின் முதல் வரியிலேயே, இது இந்திய அரசமைப்புக்கும் சட்டங்களுக்கும் முழுதும் உட்பட்ட கல்விப் பயிற்சி, நிலவுரிமையோ பிரிவினையோ கோருவதன்று என்று எழுதுங்கள். நாட்டின் இறையாண்மைக்கு ஊறு செய்வதைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவை மனத்தில் வைத்தே சொல்கிறேன். விளையாட்டாகப் போட்ட சொல்லைக் காவல்நிலையத்தில் விளக்க நேர்வது பெற்றோருக்குப் பெரிய மனவேதனை.

தூதர் போன்ற பதவிப் பட்டங்களை வெளியார் முன் பயன்படுத்தவும் வேண்டாம். நித்யானந்தாவின் கைலாசாவோடு 2023 ஜனவரியில் சகோதர நகர ஒப்பந்தம் செய்த அமெரிக்காவின் நெவார்க் நகரம், அப்படியொரு நாடே இல்லையென்று தெரிந்து சில நாட்களில் அதை ரத்துசெய்தது. அதே ஆண்டு இறுதியில் பராகுவே வேளாண் அமைச்சக அதிகாரி ஒருவர் அத்தகைய ஆவணத்தில் கையெழுத்திட்டதால் பதவியை இழந்தார். உண்மை அறியாத மூன்றாம் நபர் நம்பிக் கையெழுத்திடும் இடத்தில்தான் உண்மையான தீங்கு தொடங்குகிறது. ஊராட்சித் தலைவரையோ கல்லூரி முதல்வரையோ விழாவுக்கு அழைத்தால், அழைப்பிதழிலேயே இது மாணவர் பயிற்சி என்று அச்சிடுங்கள்.

கடைசியாக, விழா நடக்கும் இடம். ஆடி பதினெட்டு அன்று திட்டில் கூடுவது எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நான் ஏற்கவில்லை. மேட்டூர் நிரம்பியிருக்கும் ஆண்டில் அந்த நாட்களில்தான் முக்கொம்பு மேலணையிலிருந்து உபரிநீர் கொள்ளிடத்தில் திறக்கப்படும். மேலே மழை பெய்ததே தெரியாமல் கீழே திட்டில் நிற்பவரை நீர் சூழ்ந்துகொள்ளும். அணைக்கரைப் பாலத்தருகே, கரையின் மேட்டில், உங்கள் இரு ஊர்க்காரர்களுக்கும் வசதியான ஓரிடத்தில் மேசையைப் போடுங்கள். இரு படிகளிலும் கையெழுத்தாகி, ஒவ்வொரு தரப்பும் தன் பெயர் முதலில் வரும் படியைச் சரிபார்த்து எடுத்துக்கொண்ட பிறகே கலைந்து செல்லுங்கள்.