வாசகர் கேள்வி: சின்ன அரசாங்கம் யாருக்கு வேண்டும்?

கேள்வி: அரசாங்கம் சின்னதாக இருந்தால்தான் மனிதன் சுதந்திரமாக இருப்பான் என்கிறார்களே அமெரிக்கப் பழமைவாதிகள்? கூப்பன் அரிசியிலும் இலவசக் கல்வியிலும் வளர்ந்த எங்களுக்கு இது பணக்காரர் பேச்சாகத் தெரிகிறது.
*– வாசகி, கொட்டாஞ்சேனை*

பதில்: அப்படி ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நான் வெள்ளவத்தைக்காரன். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி ஊரைவிட்டே அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கம் நினைத்ததையெல்லாம் செய்ய முடியாது என்று அரசியலமைப்பில் எழுதி வைத்திருந்ததால்தான் அந்த வழக்கையே போட முடிந்தது.

அமெரிக்கர்களின் பேச்சுக்கும் இதுதான் வேர். மத்திய அரசிடம் ஒப்படைக்காத அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்கிறது 1791இல் அமெரிக்க அரசியலமைப்புக்கு வந்த 10ஆவது திருத்தம். அந்த எண்ணத்தோடு 1964 ஜனாதிபதித் தேர்தலில் நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர் படுதோல்வி கண்டார். 1981இல் அதே கட்சியின் ரேகன் ஜனாதிபதியாகப் பதவியேற்ற உரையிலேயே, இப்போதைய நெருக்கடியில் அரசாங்கமே பிரச்சினை என்றார்.

சரி, எனக்கு அவர்களோடு ஒரு சண்டையும் உண்டு. மத்திய அரசு எல்லை மீறுகிறது என்று சொல்லி, 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தவர் கோல்ட்வாட்டர். தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை மிதித்ததோ மாநில அரசுகள்! 1957இல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் 9 கறுப்பின மாணவர்கள் பள்ளிக்கூடத்துக்குள் போகாதபடி ஆளுநரே காவற்படையை நிறுத்தினார். ஜனாதிபதி ஐசன்ஹோவர் இராணுவத்தை அனுப்பிய பிறகுதான் வழி திறந்தது. அவரும் குடியரசுக் கட்சிக்காரர்தான். அந்தப் பிள்ளைகளுக்குச் சுதந்திரத்தைக் கொடுத்தது வாஷிங்டனின் பலம். சின்ன அரசாங்கம் பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கேள்வி: நம் நாட்டில் யாராவது இதை முயன்றார்களா?
*– வாசகர், தெஹிவளை*

பதில்: பாதி. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜயவர்தன சந்தையைத் திறந்துவிட்டார். அப்புறம் 1978இல் நிறைவேற்று ஜனாதிபதி முறை, 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம். இறக்குமதிச் சாமான் தாராளமாக வந்தது. ஆளைப் பிடித்து வழக்கில்லாமல் 18 மாதம்வரை அடைத்துவைக்கும் அதிகாரமும் கூடவே வந்தது. இன்றும் கொழும்பில் சின்ன அரசாங்கம் கேட்பவர்கள் வரியிலும் தீர்வையிலும்தான் தொடங்குகிறார்கள். பொலிஸின் கைது அதிகாரத்தில் தொடங்குங்கள் என்பேன் நான்.