எல்டிஎல் 17 குறைந்தது, எடையும் 4 கிலோ குறைந்ததே!

கேள்வி: எனக்கு வயது 71. சுகர் இல்லை, மாரடைப்பு வந்ததில்லை. பிரஷருக்கு மட்டும் மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று மாதத்துக்கு முன் எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால் 172 என்று வந்ததால், அதைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்தார். ‘ஆரம்பித்தால் ஆயுளுக்கும் விட முடியாது, கால் வலி வரும்’ என்று தோழிகள் சொன்னதால் மாத்திரையைத் தொடவே இல்லை. முட்டை, எண்ணெய் இரண்டையும் நிறுத்தி, ராத்திரிச் சாப்பாட்டையும் பாதியாக்கினேன். இப்போது 155. எடை 4 கிலோ குறைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் வாயைக் கட்டினால் மாத்திரை இல்லாமலே சமாளித்துவிடலாமா?
— ஒரு வாசகி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது 155 இல்லை, அந்த 4 கிலோதான். எழுபதைத் தாண்டி, சரியாகச் சாப்பிடாமல் இளைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். முன்பு சுலபமாக எழுந்தவர் இப்போது தடுமாறினால் கால்களில் பலம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த வயதில் அதைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. முதலில் ராத்திரி வயிறாரச் சாப்பிடுங்கள். அதற்குப் பிறகும் எடை இறங்கினால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சரி, கொலஸ்ட்ராலுக்கு வருவோம். 172 என்பது 155 ஆனால் சுமார் 10 சதவீதம் குறைவு. உணவு மாற்றத்தால் பலருக்கும் ஏறக்குறைய இவ்வளவுதான் இறங்குகிறது. காரணம், ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரிக்கிறது. நீங்கள் வாயைக் கட்டினாலும் அது தன் வேலையை நிறுத்தாது. ஸ்டாடின் கை வைப்பது அங்கேதான். உள்ளே தயாரிப்பு குறைந்ததும், கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்திலிருக்கும் எல்டிஎல்லை இழுத்துக்கொள்ளும். நடுத்தர டோஸிலேயே 30 சதவீதத்துக்கு மேல் இறங்கும்.

அதற்காக உணவு முக்கியமில்லை என்று சொல்லவில்லை. எல்டிஎல்லை அதிகம் ஏற்றுவது வெண்ணெய், கொழுப்புள்ள இறைச்சி, பேக்கரிப் பண்டங்களில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு. குறைக்க வேண்டியது அதைத்தான். சமையல் எண்ணெயை அடியோடு நிறுத்த வேண்டாம். முட்டையையும் அளவாகச் சாப்பிடலாம், உங்களுக்கு இப்போது புரதம் அவசியம். ஓட்ஸ், பயறு வகைகளில் உள்ள கரையும் நார்ச்சத்து எல்டிஎல்லை இன்னும் கொஞ்சம் இறக்கும்.

மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர் என்றால் மாத்திரை வேண்டும் என்று தயங்காமல் சொல்லிவிடுவேன். 75 வயதைத் தாண்டி இதய நோயே இல்லாதவர்களுக்கு ஆய்வுச் சான்றுகள் அவ்வளவு உறுதியாக இல்லை. நீங்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். வயதும் பிரஷரும் சேர்ந்திருப்பதால், சாப்பிடுவது நல்லது என்ற பக்கமே நான் சாய்கிறேன். ஆனால் அதற்கு முன் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும், ஸ்டாடினால் தசை வலி வரும் வாய்ப்பும் கூடும்.

கால் வலி பயத்துக்கு ஒரு செய்தி. பக்கவிளைவால் ஸ்டாடினை நிறுத்தியவர்களுக்குச் சில மாதம் ஸ்டாடின், சில மாதம் மருந்தே இல்லாத போலி மாத்திரை என்று, எது எதென்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் வெளிவந்த முடிவுப்படி, ஸ்டாடினில் வந்த தொல்லையில் சுமார் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது! வலி பொய்யில்லை, நிஜமாகவே வலித்தது. ஆனால் பெரும்பாலும் காரணம் அந்த மருந்தில்லை. வலி வந்தால் டோஸைக் குறைக்கலாம், வேறு ஸ்டாடினுக்கு மாறலாம். தாங்க முடியாத தசை வலியோடு சிறுநீர் கருத்துப் போனால் மட்டும் உடனே ஓட வேண்டும்.

ஆயுளுக்கும் சாப்பிட வேண்டுமா என்றால், சாப்பிடும் வரைதான் பலன். உங்கள் பிரஷர் மாத்திரையும் அப்படித்தானே?

அப்புறம், அடுத்த முறை போகும்போது, ‘எழுதிக் கொடுத்ததை இதுவரை சாப்பிடவில்லை’ என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், மாத்திரை சாப்பிட்டும் 155தானா என்று நினைத்து டோஸைக் கூட்டிவிடுவார்.