வெட்டிய தோல் குவிகிறது, ஆர்டர் தாமதமாகிறது

கேள்வி: காலணியின் மேற்பகுதியான அப்பரைத் தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கட்டிங் பிரிவில் நாளொன்றுக்கு 800 ஜோடி வெட்டுகிறார்கள். தையல் லைனிலிருந்து 600 ஜோடிதான் வெளிவருகிறது. இடையில் 4,200 ஜோடி தேங்கியுள்ளன. ஆர்டர்கள் தாமதமாவதால் கட்டிங்கை இன்னும் வேகப்படுத்தச் சொல்கிறார் மேலாளர். அது சரியா?
- வாசகர், பேரணாம்பட்டு

பதில்: கட்டிங்கை வேகப்படுத்தினால் தாமதம் கூடுமே தவிரக் குறையாது. தேங்கி நிற்கும் சரக்கை, நாள்தோறும் வெளிவரும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு ஜோடி சராசரியாக எத்தனை நாள் உள்ளே கிடக்கிறது என்பது தெரியும். 1961-இல் ஜான் லிட்டில் கணித முறையில் நிறுவிய விதி இது. உங்கள் கணக்கில் 4,200-ஐ 600-ஆல் வகுக்க, ஏழு நாள். இன்று வெட்டியது தைத்து வெளியேற ஒரு வாரம் ஆகும். தேக்கமோ தினமும் 200 ஜோடி வளர்கிறது.

தோல் வேலையில் இந்தத் தேக்கம் இன்னொரு விதத்திலும் இழப்பைத் தரும். தோலை வெட்டும் அச்சான டை ஒன்றின் விளிம்பு நெளிந்து குறி பிசகியிருந்தால், அது தையல்காரர் கைக்கு வந்த பிறகுதான் தெரியும். அதற்குள் ஒரு வார வெட்டும் அதே பிசகோடு நிற்கும். மாற்றுத் துண்டு வெட்டலாமென்றால், நிறமும் அமைப்பும் பொருந்தும் அந்தத் தோலின் மீதி வேறு லாட்டுக்குப் போயிருக்கும். ஒற்றைக் கால் துண்டு ஒன்று பொருந்தாமல் போனாலும் அந்த ஜோடியை அனுப்ப முடியாது.

ஆகவே, எத்தனை ஜோடி வெட்ட வேண்டும் என்று கட்டிங்குக்குச் சொல்லும் ஜாப் கார்டை வழங்குவதை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 500 ஜோடிக்கு மட்டும் கார்டு கொடுத்தால், 21 வேலை நாளில் தேக்கம் 2,100-ஆகும். காத்திருப்பு மூன்றரை நாளாகக் குறையும். அதன்பின், முந்தைய நாள் தையலிலிருந்து முழு ஜோடியாக எத்தனை வெளிவந்தனவோ அத்தனைக்கு மட்டும் கார்டு கொடுங்கள். லைனிங், நூல், கொக்கி எல்லாம் ஸ்டோரில் இருப்பதை உறுதிசெய்யாமல் எந்தக் கார்டும் போகக் கூடாது.

தையல் லைன் முழுவதுமே மெதுவாக இருப்பது அபூர்வம். எந்த இயந்திரத்தின் முன்னால் ட்ரேக்கள் குவிகின்றன என்று பாருங்கள். கட்டிங்கில் ஓய்வாகும் ஆட்களுக்கு ஸ்கைவிங்கும் (தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்குதல்) விளிம்பு மடிப்பும் பழக்கி, அந்த இடத்தில் இருப்பவரின் மேஜை வேலையைக் குறைக்கலாம். மேலாளர் நாள்தோறும் பார்க்கும் பலகையில் வெட்டிய எண்ணிக்கைக்குப் பதிலாக, தைத்து முடிந்த ஜோடிகளை சைஸ் வாரியாக எழுதி வையுங்கள்.